இரண்டு நட்சத்திர ஃபிரிட்ஜ்

தங்கள் பட்டறையில் செய்த முதல் ஃபிரிட்ஜுக்குச் சோதனைக்கூடம் மின்சிக்கனத்தில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தது. மின்சாதனக் கண்காட்சியில் அந்த நட்சத்திர லேபிளைக் கதவின் நடுவில் ஒட்டி, குமிழி எழாமல் முந்தானையால் தேய்த்தாள் செவ்வந்தி.

"அக்கா, பக்கவாட்டுல ஒட்டிச் சுவரோரமா நிறுத்திரலாம். இன்னிக்கு ஒரு ஆர்டராவது வரலைன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்" என்றான் தம்பி குமரேசன்.

"ஏன்டா, திருடியா கொண்டாந்தோம்?"

குடையோடு வந்த ஓர் அம்மாள் நின்றார். "ரெண்டுதானா? எதிர்க்கடையில அஞ்சு போட்டிருக்கான்."

"அது அவங்க வாங்கினதும்மா. இந்த ரெண்டும் நாங்க வாங்கினது."

"கரண்டு கூட இழுக்குமே?"

"இழுக்கும். எவ்வளவுன்னு லேபிள்லயே போட்டிருக்கு, பாருங்க."

"விக்க வந்தவ பேசற பேச்சா இது?" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து குளிருக்குள் கையை நீட்டினார். நீட்டிய கையை வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, லேபிளில் வண்ணம் ஏறாமல் வெறுமையாக இருந்த மூன்றாவது நட்சத்திரத்தின் மேல் சில்லிட்ட விரலை வைத்தார்.

"இது எப்போ?"

செவ்வந்தி வாய் திறக்குமுன் குமரேசன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அடுத்த ஃபிரிட்ஜுல" என்றான்.