கோகிலாவின் கண்ணுக்குத் தடை

கோகிலாவின் இரண்டு கண்களும் செயற்கை, பார்ப்பதெல்லாம் பதிவாகிவிடும். கார் பந்தயத் திடலின் வாசலிலேயே காவலர் மறித்தார்.

"உள்ள படம் புடிக்கக் கூடாதுங்க. கண்ண அணைச்சுட்டுப் போங்க."

மகள் மிதுனா ஓட்டும் முதல் பந்தயம், பத்துச் சுற்று. வேறு வழியின்றி அணைத்துவிட்டு, கணவர் பழனியப்பனின் கையைப் பிடித்துப் போய் உட்கார்ந்தாள். அவர் காதோரம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஏழாவது சுத்து. நம்ம புள்ளதான் முன்னால போறா."

கோகிலா பெருமையில் நிமிர்ந்தபோது, பெட்ரோல் வாடையோடு யாரோ பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள்.

"ரெண்டாவது சுத்துலயே வண்டி நின்னுபோச்சும்மா," என்றது மிதுனாவின் குரல்.

பழனியப்பன் மெல்ல எழப் பார்த்தார். விசும்பிய மகளின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, கோகிலா கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க? இன்னும் மூணு சுத்துதான் இருக்குது. புள்ளைய ஜெயிக்க வெச்சுட்டு எந்திரிங்க."