தை மாதத்துக் காகம்

"சூய்! போ!" தியாகலிங்கம் தும்புத்தடியை ஓங்கினார். வாழையிலைச் சோற்றில் வாய் வைக்கப் போன அணில் வேலிக்குத் தாவியது.

கனடாவின் ஸ்காபரோவில் அந்தத் தெருவே அவரைக் குருவிப் பைத்தியம் என்றுதான் சொல்லும். ஐப்பசியில் பின்வளவு மரத்தில் தீனிப்பெட்டி தொங்கவிட்டவர், சூரியகாந்தி விதையையும் கச்சான் கடலையையும் ஒருநாளும் குறையவிட்டதில்லை. கிண்ணத்துத் தண்ணீர் உறைந்தால் சுடுதண்ணீரோடு ஓடிவருவார். அதே மனுசன் இன்றைக்கு வந்த குருவியையெல்லாம் கலைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு வேண்டியது ஒரேயொரு காகம். ஐப்பசியிலிருந்து தீனி போட்டுப் பழக்கினால் தையில் தவறாமல் வரும் என்று நம்பியிருந்தார். மார்கழி முழுக்க வந்து கச்சான் கொத்திய கரியன்கள், இன்றைக்குப் பார்த்து ஒன்றும் இல்லை.

"குளிருக்கை நிண்டு விறைக்கிறியள். உள்ளை வாங்கோ," மனைவி பேபி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"காகம் எடுக்காமல் என்னெண்டு சாப்பிடுறது? அப்புவின்ரை திவசமெல்லே?"

பேபி உள்ளே திரும்பினாள். இருபது வருசமாக மாமனாரின் திவசத்துக்குச் சமைக்கிறவள் அவள். போன முறையும் யன்னலெல்லாம் திறந்துவிட்டு, வியர்க்க வியர்க்க மாமனாருக்குப் பிடித்த பாவற்காய் பொரித்தாள். இன்றைக்கும் பொரித்துக் கொடுத்தாள்.

தியாகலிங்கத்துக்குப் பொய் பழகிவிட்டது. தொண்ணூற்றாறு தையில் வவுனியாவிலிருந்து அந்த போன் வந்தபோது, பேபி இருதய ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊரில் நின்ற ஒரே மகன் வினோதன் ஷெல்லடியில் போய்விட்டான். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்றே ஒரு வருசம் ஓடிவிட்டது.

இன்று பிள்ளையின் முதல் வருச ஆட்டத்திவசம். வாய்விட்டு அழவும் வழியில்லை. ஒரு காகமாவது வந்து ஒரு வாய் எடுக்கக் கூடாதா என்று மரத்தையே அண்ணாந்து பார்த்தார்.

பனி கொட்டத் தொடங்கியது. சோறு கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக மூடுண்டது. அவர் படியில் குந்திவிட்டார்.

கதவு திறந்தது. சப்பாத்தும் போடாமல், கையில் ஒரு கிண்ணத்தோடு பேபி பனிக்குள் இறங்கினாள். இலையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, பாவற்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"என்னப்பா செய்யிறாய்?"

"மாமாவுக்கு ஆடியிலையெல்லே திவசம்," கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். "இதை வையுங்கோ. வினோதனுக்குக் கிழங்குப் பொரியல்தானே விருப்பம்."