உப்பு கூடிப்போச்சு

கணவர் செலஸ்டின் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஆசையாக வளர்க்கும் கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன.

"இதுகளுக்கு என்ன நோய்?" என்று ஃபுளோரா அந்தப் பேசும் தொட்டியிடம் கேட்டாள்.

"நோய் இல்லம்மா," என்றது தொட்டி. "மிஞ்சின இரை அழுகி தண்ணி கெட்டிருக்கு. ஐயா இன்னைக்குக் காலையில மட்டும் அஞ்சு தடவை இரை போட்டாங்க. போட்டது அவங்களுக்கு ஞாபகம் இல்ல."

ஃபுளோரா வாசல் பக்கம் பார்த்தாள். செலஸ்டின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினாள். இரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"அவுக கேட்டா, உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லு."

"பொய் சொல்ல எனக்கு வராதும்மா. உங்ககிட்ட இதையே சொல்லச் சொல்லி நேத்து ஐயாவும் கேட்டாங்க. மூணு தடவை."