வானொலிக்குச் சொல்ல வேண்டிய அளவு

ஐந்து மில்லிமீட்டர் என்று சொன்னால்தான் என்ன, ஒரே ஒரு வாரம்? லிசெட் மழையளக்கும் குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள். அடியில் செத்த அந்துப்பூச்சியும் கொஞ்சம் செம்மணலும் கிடக்கின்றன. புதன்வரை கீழ்க்காற்று. வியாழனன்று ஒரு மேகம் குன்றின்மேல் வந்து நின்று, எல்லோரையும் வாசலுக்கு இழுத்துவிட்டுக் கலைந்துபோனது. பிறகு வெறும் வெயில். மேய்ச்சல் தேடி ஆடுகளோடு ஆண்கள் வடக்கே போய் ஒன்பது மாதமாகிறது. கணவனின் இருமல் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் தலைநகர் விண்ட்ஹுக்கின் வானொலி ஊர் ஊராகக் கேட்டு வாசிக்கும் மழையளவை அவர்களும் அங்கே கேட்பார்கள். "அஞ்சுன்னு சொல்லு மதினி. காதுல விழுந்த அன்னிக்கே அண்ணனும் எம்புருசனும் கிளம்பிருவாங்க," என்கிறாள் நாத்தனார் தபீதா. "வந்து ஆடு எதைத் திங்கும், உன் பாவாடையையா? பாதி வழியிலயே செத்துரும்." "சாகட்டும். ஆளு வரட்டும்." கைபேசி அடிக்கிறது. "அக்கா, இந்த வாரம் உங்க ஊர்ல எவ்வளவு?" என்று வானொலிக்காரன் கேட்கிறான். தபீதா ஐந்து விரல்களையும் விரித்து லிசெட்டின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். லிசெட் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்குகிறாள். "ஒண்ணுமில்ல தம்பி," என்கிறாள்.