மூத்தாள் பெட்டிச் சாவி

வல்லிநாயகத்துக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். அடங்கியதும் அகோரப் பசியோடு கருப்பட்டியைக் கடித்துத் தின்பார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது மறந்துபோயிருக்கும். ஒருமுறை வயலுக்குப் போகிற வழி, இன்னொருமுறை கூடப்பிறந்தவன் பெயர்.

தென்காசி டாக்டர் அவருடைய இரண்டாந்தாரம் பேராச்சியிடம் பட்டென்று சொல்லிவிட்டார்.

"வலிப்பு வரும்போது மூளை அடுப்பா எரியுதும்மா. இருக்கிற சத்தெல்லாம் தீர்ந்ததும் நரம்பு சாகுது. செத்தது திரும்பி வராது."

அன்றைக்கு மதியம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இலைக்கு முன்னால் உட்காரப் போனவர் அப்படியே சாய்ந்தார். கைகால் வெட்டி இழுத்தது. அரிவாள் கைக்கு அகப்படவில்லை. பேராச்சி பதறிப்போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கைக்குள் வைத்து அழுத்தினாள். அது மூத்தாள் இராமலட்சுமியின் பெட்டிச் சாவி. ஐந்தருவி வெள்ளம் அவளைக் கொண்டுபோனதிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

வலிப்பு நின்றது. பேராச்சி கருப்பட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலையில் இல்லாத கூந்தலை முறுக்கிப் பிழிந்தார். தரையில் தண்ணீர் சொட்டியது. பிறகு அந்தக் கூந்தலை அள்ளி முடிந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருட்டி நீ? என் வீட்டு அடுப்படியில ஒனக்கு என்ன சோலி?"