வார்னிஷ் வாடை

"இன்னுமா முடியல, எக்பெர்ட்?"

"எதைப் பூசறதுன்னுதான் தெரியல, ரோஸ்விதா. எண்ணெய் தேய்ச்சா மரம் கறுத்துடுது. வார்னிஷ் அடிச்சா ரொம்பப் பளபளக்குது. இன்னிக்கும் துண்டு மரத்துல ரெண்டையும் பூசிப் பாத்தேன்."

மெல்லிய ரம்பத்தால் அவன் மரத்தில் அறுத்த, ஜன்னலில் வைக்கும் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி வளைவு பட்டறையில்தான் இருப்பதாகச் சொல்கிறான். அவன் குளிக்கப் போனதும் ரோஸ்விதா அவன் கழற்றிப் போட்ட கோட்டை எடுத்து முகர்ந்தாள். வார்னிஷ் வாடை துளியும் இல்லை.

பட்டறைக்கு அடுத்த வீட்டில் இருப்பவள் கூன்டுலா. கணவனை இழந்தவள், இன்னும் அழகாக இருப்பவள்.

மறுநாள் அவன் கிளம்பிய சற்று நேரத்தில் ரோஸ்விதா போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என் புருஷன் எங்க?"

கூன்டுலா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கதவைத் திறந்தாள்.

"வேற எங்க? பட்டறையிலதான்! அந்த வார்னிஷ் நெடியில ஒரு வாரமா ஜன்னலையே திறக்க முடியல. முதல்ல உள்ள வந்து கதவைச் சாத்தும்மா!"

ரோஸ்விதா உள்ளே போகவில்லை. பட்டறைக்கு ஓடினாள். திறந்த டப்பாக்களுக்கு நடுவே எக்பெர்ட் இருமிக்கொண்டிருந்தான். அவள் ஒரு டப்பாவைத் தூக்கி, மூக்கருகே வைத்து ஆழ்ந்து மூச்சிழுத்தாள்.

"எக்பெர்ட்," என்றாள், "எனக்கு எந்த வாடையும் தெரியல."