ஒரு சிட்டிகை உப்பு

இந்த வாரத்தில் இவன் மூன்றாவது ஆள். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறானாம். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்தது. இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு சுவிட்சைப் போட்டான். எங்களுடையது சாக்கடையாகக் கலங்கியது. அவனுடையது பளிங்காகவே நின்றது.

“இதத்தாம்மா தினமும் குடிக்கிறீங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

“இப்பப் போடு சுவிட்ச.”

எங்களுடையதைவிட மோசமாகக் கலங்கியது.

“உப்பு கரைஞ்சாதான் தண்ணில கரண்ட் பாயும். பாஞ்சா உன் கம்பி கரையும். அழுக்கு கம்பியோடதுப்பா!”

அவன் கம்பிகளைத் துடைத்தான். நாலு மாடி ஏறி வந்தவன்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கம்மா.”

“எந்தத் தண்ணி?”

தலை நிமிராமல் குழாயைக் காட்டினான்.